மணலில் மறைந்த துறைமுகம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. அவ்வெல்லையைக் கடந்து மேட்டூர் வழியாகச் சங்கத்து அன்பர்கள் சிலர் சென்ற மார்கழியில் தனுஷ்கோடிக்குப் போய்வந்தோம். கண்டதைக் கூறுமாறு பணித்திருக்கிறீர்கள்.

ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டிலே எலும்புக்கூட்டுக் கரை எனப்படும் பாலைக் கடற்கரை உண்டு. அந்நாட்டுக் கரையில் 1909-இல் தரைதட்டிய எடுவர்ட் போலன் என்னும் கப்பல், இன்று மணல் நடுவே கிடக்கிறது. நம் தனுஷ்கோடியும் அதற்கு உறவான கரைதான். ஆனால் இங்கே மணலில் கிடப்பது கப்பலன்று, ஓர் ஊர்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். தேயிலைத் தோட்டங்களை நம்பிப் புறப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பல, தாய்மண்ணைக் கடைசியாக மிதித்த இடம் அது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலும் பேரலையும் எழுந்தன. பாம்பனிலிருந்து வந்த ரயில், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அலையில் அழிந்தது. குடியிருக்கத் தகாத இடமென்று அரசு அறிவித்தது. மாதா கோயிலும் ரயில் நிலையமும் இன்று வெறுஞ் சுவர்கள்.

எங்களுடன் வந்த மூத்த அன்பர் ஒருவர், தம் தந்தையார் கப்பலேறிய துறையைத் தேடினார். இருபுறமும் கடலும் மணலுமே தெரிந்தன. அவர் பேசாது நின்றார்.

ஆயினும் அக்கரை செத்துவிடவில்லை. ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாய் இரை தேடுகின்றன. 2025-இல் அவ்விடம் அவற்றின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடலாமைகள் மணலில் முட்டையிடுகின்றன. மீனவர் குடிசைகளும் உண்டு. ஓர் அம்மையார், கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டி, ஊறிய நீரைச் சிரட்டையால் மொண்டு அவ்வன்பருக்குக் கொடுத்தார். உப்பில்லாத நன்னீர்!

"இங்கே எப்படியம்மா இருக்கிறீர்கள்?" என்றோம்.

"எங்க ஊருய்யா இது" என்றார்.

அன்பர்களே, பிழைப்பைத் தேடி வந்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குப் பாட்டனார் ஊரின் பெயர் தெரியும்? ஊரை அலைதான் அழிக்கவேண்டுமென்பதில்லை. சொல்லாமல் விட்டாலும் அழியும். இன்றிரவே உங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள். தோண்டினால் ஊற்று நிச்சயம் உண்டு.