மயிர் கொட்டுவது தலைவிதியா?

தலைமயிரைப் பற்றி நாம் பேசப் போகிறோம் என்றதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். ஆனால் சில சமயங்களில் உயிரைப் பற்றிய சேதியை மயிர்தான் முதலில் சொல்லுகிறது.

வயது வந்த ஒருவனுக்குத் தலையில், பூச்சி அரித்த சால்வையைப் போல, அங்கங்கே திட்டுத் திட்டாக மயிர் கொட்டினால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "புழுவெட்டு" என்று வெங்காயத்தைத் தேய்க்கிறார்கள். அதிலும் தீராவிட்டால் தெய்வக் குற்றம் என்று மொட்டைக்கு நேர்ந்து கொள்ளுகிறார்கள். மொட்டையடித்தால் என்ன ஆகிறது? சாமிக்கு மயிர் போகிறது. வைத்தியருக்கு அடையாளம் போகிறது. வியாதி மாத்திரம் போவதில்லை.

புழுவெட்டில் புழுவே கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதுதான் அது. பெரும்பாலும் வட்டமாக, வழவழப்பாக இருக்கும். ஒழுங்கில்லாத சிறு திட்டுகளாக உதிர்ந்தாலோ, புருவமும் சேர்ந்து உதிர்ந்தாலோ, கிரந்தி என்னும் மேகநோய் உண்டா என்று பார்த்தே தீரவேண்டும். அந்நோயில் முதலில் வலியில்லாத ஒரு புண் வந்து, மருந்தில்லாமலே ஆறிவிடும். தீர்ந்தது என்று நாம் ஏமாந்திருக்கையில், சில வாரமோ மாதமோ கழித்து, உள்ளங்கை உள்ளங்காலில் அரிப்பில்லாத தடிப்பும், இந்த மயிர் உதிர்வும் வரலாம். சிலருக்கு மயிர் உதிர்வது ஒன்றே அடையாளம்.

ஆனால் கண்ணால் பார்த்து மாத்திரம் முடிவு கட்டலாகாது. ரத்தமே சாட்சி. கிருமியை ஷௌடின், ஹாஃப்மன் என்ற இருவர் 1905-ல் கண்டார்கள்; 1906-லேயே வாசர்மனின் ரத்தப் பரிசோதனை வந்தது. இன்று வி.டி.ஆர்.எல். முதலிய பரிசோதனை செய்து, இன்னொன்றால் உறுதிப்படுத்துகிறார்கள். ஆரம்ப நிலையானால் பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை ஊசி. மயிரும் சில மாதங்களில் முளைக்கும். கவனியாமல் விட்டாலோ மூளையையும் இருதயத்தையும் கெடுக்கும். கருவிலுள்ள சிசுவையும் கொல்லும்.

இதற்குப் "பெண் சீக்கு" என்று பேர் வைத்த யோக்கியதையைப் பாருங்கள்! ஆண்பிள்ளை வெளியில் வாங்கி வந்து வீட்டில் கொடுத்தாலும் பேர் பெண்ணுக்கு! குழந்தை செத்துப் பிறந்தால் "ராசியில்லாதவள்" என்ற பட்டமும் அவளுக்கே! புருஷன் ரகசியமாக ஊசி போட்டுக்கொண்டு மனைவியைச் சோதிக்காமல் விடுவது வைத்தியமும் ஆகாது, மனிதத்தன்மையும் ஆகாது.

ஆகவே, தோழர்களே! வியாதி வந்ததற்கு வெட்கப்பட வேண்டாம், மறைப்பதற்கு வெட்கப்படுங்கள். நாவிதரிடம் தலையைக் கொடுக்குமுன் ஆஸ்பத்திரியில் கையை நீட்டுங்கள். மனைவியையும் கூட அழைத்துப் போங்கள்.