பேராசிரியர் அப்துஸ் சலாம்
(கொல்கத்தாவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபொழுது, வள்ளுவரையோ கம்பரையோ நான் எடுத்துக்கொள்வேன் என்றே அவர் எண்ணியிருப்பார். அவர்களைப் பற்றிப் பேச என்னினும் வல்லார் இம்மேடையிலேயே இருக்கின்றனர். கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக் காலங்கழித்த எனக்கு, என் துறையைச் சேர்ந்த ஒரு பெருமகனைப் பற்றிச் சிறிது சொல்லவே மனம் விழைந்தது. அவர் பெயர் அப்துஸ் சலாம். பாகிஸ்தானத்தைச் சேர்ந்தவர். தமிழ்ச் சங்கத்தில் அவருக்கு என்ன இடம் என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

1926-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள், பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்து, ஜங் என்னும் ஊரில் வளர்ந்தவர் சலாம். தந்தையார் கல்வி இலாகாவில் பணி புரிந்தவர்; பெரிய செல்வர் அல்லர். பதினான்கு வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலேயே முதல்வராகத் தேறினார் மைந்தர். பின்னர் லாகூரில் கல்லூரிப் படிப்பு. அங்குப் பயிலுங்காலத்தில், 1943-இல், அவருடைய முதற் கட்டுரை வெளியாயிற்று. இந்தியக் கணிதச் சங்கத்தின் ‘மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்’ என்னும் இதழில் வந்த அக்கட்டுரையின் தலைப்பு, ‘ராமானுஜனின் ஒரு கணக்கு’ என்பதாகும். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த நம் ராமானுஜனேதான். அவர் விடுத்துச்சென்ற சமன்பாடுகள் சிலவற்றுக்கு, அவர் கண்ட வழியினும் சுருக்கமான வழி ஒன்றைப் பஞ்சாபியச் சிறுவர் ஒருவர் பதினேழு வயதில் கண்டுபிடித்தார். அந்நாளைய இந்தியாவில் கும்பகோணத்திற்கும் ஜங்கிற்கும் இடையே இருந்த தூரம் ஓர் இதழின் தபால் தலையளவே என்று சொல்லத் தோன்றுகிறது.

அவர் கேம்பிரிட்ஜ் சென்ற வரலாறு விந்தையானது. உலகப் போர்க் காலத்தில், பஞ்சாபின் முதல்வராயிருந்த கிஸர் ஹயாத் டிவானா போர் உதவிக்கென நிதி திரட்டியிருந்தார். போர் முடிந்தது, நிதி எஞ்சியது. சிறு குடியானவர்களின் மக்கள் வெளிநாடு சென்று பயில அந்நிதியிலிருந்து உபகாரச் சம்பளம் வழங்குவதென முடிவாயிற்று. 1946-இல் கேம்பிரிட்ஜில் எதிர்பாராது ஓர் இடம் காலியாக, சலாம் உடனே கப்பலேறினார். லிவர்பூல் துறைமுகத்தில் குளிரில் நடுங்கி நின்ற அவருக்குத் தம் மேலங்கியை அளித்து, பெட்டியைத் தூக்கவும் கைகொடுத்தவர் ஸர் ஸஃபருல்லா கான். அவருடன் தேர்ந்தெடுக்கப் பெற்ற ஏனையோர் அடுத்த ஆண்டு செல்லலாம் எனக் காத்திருந்தனர். அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. உபகாரச் சம்பளத் திட்டமும் அத்துடன் மறைந்தது. ஒருவர் போனார், மற்றவர் போகவில்லை. இந்நிகழ்ச்சியைச் சலாம் பிற்காலத்தில் பலகாலும் சொல்வதுண்டு. தம் திறமையில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. ஆயினும் திறமை மட்டும் போதாது, ஒரு காலியிடமும் வேண்டும் என்பதை அவர் இளமையிலேயே கண்டுகொண்டார்.

கேம்பிரிட்ஜில் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்பில் தேறி, ஆராய்ச்சியிலும் உலகம் திரும்பிப் பார்க்கும் வண்ணம் பெயர் பெற்று, 1951-இல் லாகூருக்குப் பேராசிரியராகத் திரும்பினார். தாய்நாட்டில் ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்தை உருவாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கல்லூரித் தலைவரோ, ஆராய்ச்சியை மறந்துவிட்டு, விடுதிக் காப்பாளர் வேலை, கணக்குப் பார்க்கும் வேலை, கால்பந்துக் குழுத் தலைமை ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார். சலாம் கால்பந்தைத் தேர்ந்தார். (இன்றும் நம் கல்லூரிகளில் இந்த மூன்று வேலைகளும் இருக்கின்றன, கற்றவர்களுக்கு அவை தவறாமல் கிடைக்கின்றன.)

அதனினும் கொடிது தனிமை. புதிய ஆராய்ச்சி இதழ்கள் லாகூருக்கு வருவதில்லை. தாம் எண்ணியதை எடுத்துச் சொல்ல, ‘அது தவறு’ என்று மறுத்துரைக்க, அத்துறை அறிந்தவர் அருகில் ஒருவரும் இல்லை. ஒருகால் நோபெல் பரிசு பெற்ற பேராசிரியர் பௌலி பம்பாய்க்கு வந்திருந்தார். சலாமைக் காண அவர் விரும்பவே, அந்த அழைப்பைப் பெற்ற சலாம் பம்பாய் சென்று அவருடன் பேசிவிட்டு வந்தார். தண்ணீர் கண்ட வேட்கையாளன் எப்படி நிற்பான்? ஆனால் திரும்பிய பொழுது, அனுமதியின்றிப் பணியை விட்டுச் சென்றதாக அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அந்நாட்கள் ஊதியமில்லா விடுப்பாகக் கழிக்கப்பட்டன. நாடா, பௌதிகமா என்ற வினா அவர்முன் எழுந்தது. மூன்றாண்டுகள் பொறுத்திருந்து, 1954-இல் அவர் மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே சென்றார். 1957 முதல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார்.

ராமானுஜன் பட்ட துன்பமும் இதுவேயன்றோ? கார் என்பார் தொகுத்த பழைய கணித நூல் ஒன்றைத் துணையாகக் கொண்டு, ஐரோப்பியர் முன்னரே கண்டுவிட்ட முடிபுகள் பலவற்றை மீண்டும் தாமே கண்டுபிடித்துக் காலத்தைச் செலவிட்டார் அவர். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்துகொண்டு 1913-இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-இல் கடல் கடந்தார். 1919-இல் நோயோடு திரும்பி, அடுத்த ஆண்டே மறைந்தார். ஊரில் இருந்தால் அறிவு வாடுகிறது. அறிவைக் காக்கப் போனால் உடலும் உறவும் வாடுகின்றன. பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்து, இங்கே சங்கம் வைத்துப் பொங்கல் கொண்டாடும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெரும்பாலோர் தாம் தப்பினால் போதும் என்றிருப்பர். சலாம் அவ்வாறு இருக்கவில்லை. ஏழை நாட்டு விஞ்ஞானி தாய்நாட்டைத் துறக்காமலே உலகத்தோடு தொடர்பு கொள்ள ஒரு வழி வேண்டும் என்று சிந்தித்தார். 1960-இல் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் மாநாட்டில், கோட்பாட்டுப் பௌதிகத்திற்கென ஓர் உலக நிலையம் அமைக்கவேண்டும் என்னும் யோசனையை முன்வைத்தார். செல்வ நாடுகள் சிரித்தன. கோட்பாட்டுப் பௌதிகம் விஞ்ஞானங்களுள் ரோல்ஸ் ராய்ஸ் மோட்டார் போன்றது. ஏழை நாடுகளுக்கு வேண்டுவது மாட்டு வண்டி என்ற கருத்தில் ஒரு நாட்டுப் பிரதிநிதி பேசினாராம். சலாம் இதை மறக்கவேயில்லை. பசித்தவன் சோறுதான் உண்ணவேண்டும், சிந்திக்கலாகாது என்று விதித்தவர் யார்?

இத்தாலி நாடு முன்வந்தது. அந்நாட்டுப் பேராசிரியர் பாவ்லோ புதினிச் தோள்கொடுக்க, அட்ரியாட்டிக் கடற்கரையில் யுகோஸ்லாவிய எல்லையை ஒட்டியிருந்த டிரியெஸ்ட் நகரில் 1964 அக்டோபரில் நிலையம் தொடங்கிற்று. நகரின் நடுவே வாடகைக் கட்டிடத்தில் தொடங்கி, 1968-இல் மிராமாரே என்னும் கடற்கரைப் பூங்காவருகே சொந்தக் கட்டிடம் கண்டது. அமெரிக்கரும் ருஷ்யரும் ஒருவரையொருவர் ஐயுற்றிருந்த அக்காலத்தில், தொடங்கிய மறு ஆண்டிலேயே இரு நாட்டுப் பிளாஸ்மா விஞ்ஞானிகளும் ஓராண்டு அங்கே ஒன்றாக அமர்ந்து உழைத்தனர். இந்தியரும் பாகிஸ்தானியரும் அடுத்தடுத்த மேசையில் இருந்தனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

அந்நிலையத்தின் உயிர்நாடி ‘அசோசியேட்’ என்னும் திட்டமாகும். சலாமின் லாகூர் அனுபவத்தின் நேர் மறுமொழி அது. ஏழை நாட்டில் கற்பிக்கும் ஒருவர் தேர்ந்தெடுக்கப் பெற்றால், சில ஆண்டுகளுக்குள் மும்முறை டிரியெஸ்ட் வரலாம். ஒவ்வொரு முறையும் சில வாரங்களோ மாதங்களோ தங்கலாம். பயணச் செலவும் உணவும் இருப்பிடமும் நிலையத்தின் பொறுப்பு. நூலகம் திறந்திருக்கும், உலகின் தலைசிறந்தோர் எதிரில் அமர்ந்திருப்பர். விடுமுறை முடிந்ததும் ஊர் திரும்பிப் பாடம் நடத்தலாம். தாய்நாட்டு வேலையை விடவேண்டியதில்லை என்பதே அதன் சிறப்பு. சலாம் தமக்கு மறுக்கப்பட்ட பம்பாய்ப் பயணத்தைப் பிறர்க்கு உரிமையாக்கினார் எனலாம். இன்றுவரை அங்கு வந்துசென்ற விஞ்ஞானிகள் லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் நம் நாட்டினர் பெருந்தொகையினர்.

இத்திட்டம் எல்லா நோயையும் தீர்த்தது என்று நான் சொல்லமாட்டேன். வந்தவருள் சிலர் பின்னர் மேல்நாடுகளிலேயே தங்கினர். ஆய்வுக்கூடக் கருவிகள் வேண்டும் துறையினர்க்கு இந்நிலையத்தால் தொடக்கத்தில் கிடைத்த பயன் சிறிதே. ஆண்டுதோறும் பணத்திற்காக அரசாங்கங்களின் வாயிலில் நிற்கவேண்டியிருந்தது. சலாமின் ஆராய்ச்சி நேரத்தில் ஒரு பகுதி அதிலேயே கழிந்தது. அதனைப் பொருட்படுத்தாமல் அவர் அதைச் செய்தார் என்பதுதான் நாம் எண்ணத்தக்கது. 1983-இல் மூன்றாம் உலக நாடுகளுக்கென ஒரு விஞ்ஞானக் கழகத்தையும் டிரியெஸ்டில் நிறுவினார்.

1979-இல் கிளாஷோ, வைன்பர்க் ஆகியோருடன் நோபெல் பரிசு வந்தது. மின்காந்த விசையும், அணுக்கருச் சிதைவுக்குக் காரணமான வலுக்குறைந்த விசையும் அடிப்படையில் ஒன்றே எனக் காட்டியதற்காக அப்பரிசு. ஸ்டாக்ஹோமில் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்து பஞ்சாபியராகவே நின்று அதனைப் பெற்றார். தம் பங்குத் தொகையில் தமக்கென ஒரு காசும் எடுத்துக்கொள்ளாது, ஏழை நாட்டுப் பௌதிகிகளின் பொருட்டே செலவிட்டார். முன்னரே 1968-இல் கிடைத்த ‘அமைதிக்கு அணு’ப் பரிசையும் பாகிஸ்தானிய இளைஞர்கள் டிரியெஸ்ட் வருவதற்கு நிதியாக்கியிருந்தார்.

நாம் கூடியிருக்கும் இக்கொல்கத்தா மாநகருக்கும் இதில் பங்குண்டு. லாகூரில் சலாமுக்குக் கணிதம் கற்பித்தவர் அனிலேந்திர கங்கூலி என்னும் வங்கத்து ஆசிரியர். பிரிவினைக்குப்பின் அவர் இந்நகர் வந்து சேர்ந்தார். நோபெல் பரிசு பெற்றதும், தம் ஆசிரியர் எங்கிருக்கிறார் என்று கண்டறிந்து தருமாறு இந்திய அரசாங்கத்தைக் கேட்டார் சலாம். 1981 ஜனவரியில் இங்கு வந்து, நோயுற்றுப் படுக்கையில் இருந்த முதியவரைக் கண்டு, நோபெல் பதக்கத்தை அவர் கையில் வைத்து, இது தாங்கள் ஊட்டிய கணிதப் பற்றின் பயன் என்னும் பொருள்பட மொழிந்தார். ஆசிரியத் தொழில் செய்தவன் என்ற முறையில், ஸ்டாக்ஹோம் மண்டபத்தினும் இந்நகர்ப் படுக்கையறையே என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது.

சொந்த நாட்டில் அவர் பெற்றது வேறு. அவர் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974-இல் பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி அப்பிரிவினர் முஸ்லிம்கள் அல்லர் என்று அறிவித்தது. சலாம் அரசாங்கத்தின் விஞ்ஞான ஆலோசகர் பதவியைத் துறந்தார். ஆனால் குடியுரிமையை இறுதிவரை துறக்கவில்லை. 1996 நவம்பர் 21-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் உயிர் நீத்தார். உடல் பஞ்சாபில் ரப்வா என்னும் ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பெற்றது. நோபெல் பரிசு பெற்ற முதல் முஸ்லிம் என்று கல்லறையில் பொறித்திருந்த வாசகத்திலிருந்து ‘முஸ்லிம்’ என்ற சொல்லை அதிகாரிகள் அழித்துவிட்டனர்.

மறு ஆண்டு டிரியெஸ்ட் நிலையத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அந்நிலையம் 2005 முதல் இளங்கணித அறிஞர்க்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்கி வருகிறது. அதன் பெயர் ராமானுஜன் பரிசு. 2006-இல் அதனைப் பெற்றவர் நம் நாட்டு சுஜாதா ராம்துரை. அப்பரிசுக்கு உரியவர் நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவராய் இருத்தல் வேண்டும். அவருடைய ஆராய்ச்சியோ வளரும் நாடு ஒன்றில் இருந்துகொண்டே செய்யப்பட்டதாய் இருத்தல் வேண்டும்.