புல்லட்டும் என் காதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே இயற்பியல் படித்துவிட்டு, நெய்வேலிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் வாங்கியது ஒரு புல்லட். 1955-லிருந்து சென்னையில் தயாரான வண்டி. நான் ஆர்ச் கேட் தாண்டும்போதே வீட்டுல டீ போட ஆரம்பிச்சிடுவாங்க! அதில் எனக்கு ஒரு பெருமை.

சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரத்தின் அருகே போகும்போது காதுக்கு உறை போடுவேன். ஷிப்ட் முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு புல்லட்டை உதைப்பேன். லீவு கிடைத்தால் பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் சென்னை வரை ஓட்டம். இறங்கினால் காதுக்குள் 'ங்கொய்' என்று இரையும். காலையில போயிடும், நான் கண்டுக்கல.

ஐம்பது வயதில் செவித்திறன் சோதனை. வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. "சத்தத்தால் வந்தது. உள்காதில் செத்த மயிர் செல் மறுபடி முளைக்காது" என்றார் மருத்துவர். சுரங்கமா, புல்லட்டா? இரண்டுக்கும் பங்கிருக்கலாம். ஆனால் உறை போடாத இடத்தைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

புகைக்குழாய், காற்று உறிஞ்சும் வாய், டேப்பெட், செயின், டயர் எல்லாமே சத்தம் போடும். ஆனால் வேகம் ஏறினால் ஓட்டுபவர் காதுக்குப் பெரிய எதிரி காற்றுதான். ஹெல்மெட்டின் கீழ் விளிம்பில் காற்று சுழன்று இரைகிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலேயே உள்ளே 90 டெசிபெல்லைத் தாண்டும். தொழிற்சாலையில் 8 மணி நேரத்துக்கு விதித்த எல்லையே 90தான். 100 என்றால் பத்து மடங்கு ஒலி ஆற்றல்! மின்சார பைக் வாங்கினாலும் காற்று காற்றுதானே?

அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிடாதீங்க. அது தலைக்குக் காவல். காதுக்கு, நெடும்பயணத்தில் பஞ்சு போன்ற நுரை அடைப்பான் போடுங்கள்; சில ரூபாய்தான். சைலன்சரை மாற்றி ஓட்டும் தம்பிகளுக்கு ஒன்று: 2000-ஆம் ஆண்டு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு எல்லை 45 டெசிபெல். நம்ம டவுன்ஷிப்பில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களும் உண்டு.

இப்போது என் பேத்தி பேசுவது கேட்கிறது. என்ன சொன்னாள் என்பதுதான் புரிவதில்லை. "தாத்தா, பஸ் வந்துடுச்சு" என்றால், "பல் வந்துடுச்சா?" என்கிறேன். அவள் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

உங்களுக்கு அது வேண்டாம்.