ஒட்டுக்கேட்பவரிடம் யார் கணக்குக் கேட்பது?

அரசு மக்களைக் கண்காணிக்கிறது என்றால், அது டெல்லியில் பெரிய மனிதர்களுக்கு நடக்கிற சங்கதி என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்புட்குழியில் இருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. ரேஷன் கடையில் வயதான அம்மா ஒருவர் மெஷினில் விரல் வைக்கிறார். ரேகை விழவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்து மறுபடி வைக்கிறார். நூறு நாள் வேலையிலும் 2023 ஜனவரி முதல் வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு நாளைக்கு இரண்டு தடவை செல்போனில் படம் எடுத்து ஏற்றுவது கட்டாயமானது. சரியோ தவறோ, இவையெல்லாம் நம் கண்ணெதிரே நடப்பவை. ரேகை விழாவிட்டால் கடைக்காரரிடம் சண்டையாவது போடலாம். நமக்குத் தெரியாமலே நடக்கிற ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அது தொலைபேசி ஒட்டுக்கேட்பு.

1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. பொது அவசரநிலை இருந்தாலோ, பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலோ, செய்திகளை அரசு இடைமறித்துக் கேட்கலாம் என்று அதன் 5-ஆம் பிரிவு சொன்னது. எப்படிக் கேட்க வேண்டும், யார் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு விதி எழுதாமலே நூறு ஆண்டுக்கு மேல் ஓட்டினார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குப் போட்ட பிறகு, 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. உள்துறைச் செயலாளர்தான் உத்தரவிட வேண்டும். அது இரண்டு மாதம்தான் செல்லும். நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வோர் உத்தரவையும் ஒரு மறுஆய்வுக் குழு பார்த்தாக வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னபோது, இந்தக் கடிவாளம் இன்னும் இறுகியது.

இதெல்லாம் காகிதத்தில். நடைமுறையில் என்ன ஆனது என்பதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றமே சாட்சி. வருமான வரி அதிகாரிக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்ததாக ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் மீது சந்தேகம் வந்தது. அவருடைய செல்போனை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை உத்தரவு போட்டது. 2025 ஜூலை 2 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார். ரகசியமாக நடக்கும் ஒரு லஞ்சப் பேரம் பொது அவசரநிலையும் ஆகாது, பொதுப் பாதுகாப்பு விஷயமும் ஆகாது என்றார். கேட்ட பேச்சுகளை உரிய காலத்தில் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். அந்த ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்தக் கூடாது, வேறு வழியில் திரட்டிய சாட்சியங்களுக்குத் தடையில்லை என்று தீர்ப்பாயிற்று.

லஞ்சப் பேர்வழிகள் தப்பிக்கவா இந்த உரிமை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சென்னைத் தீர்ப்புக்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், பெருந்தொகை ஊழல் பொதுப் பாதுகாப்பையே பாதிக்கும் என்று வேறு விதமாகச் சொல்லியிருந்தது. நான் சென்னைத் தீர்ப்பின் பக்கம். உத்தரவு போட்டது 2011, அது செல்லாது என்று ஆனது 2025. வழக்கு ஒன்று இருந்ததால்தான், ஒட்டுக்கேட்டார்கள் என்பதே அந்த நிர்வாக இயக்குநருக்குத் தெரிய வந்தது. வழக்கே இல்லாத ஒருவரின் பேச்சைக் கேட்டிருந்தால் அவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? கேட்டோம் என்று பிற்பாடு அவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் நம் சட்டத்தில் கிடையாது.

அப்படியானால் அவருக்கு இருக்கிற ஒரே காவல் அந்த மறுஆய்வுக் குழுதான். அதில் யார் இருக்கிறார்கள்? மத்தியில் அமைச்சரவைச் செயலாளரும் இரண்டு துறைச் செயலாளர்களும். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் இரண்டு செயலாளர்களும். அதிகாரி போட்ட உத்தரவை அதிகாரிகளே பார்க்கிறார்கள். நீதிபதி ஒருவர்கூட இல்லை. 2008-இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநரும் பேசிய பேச்சே பத்திரிகையில் வெளியாகி, விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டி வந்தது. தலைமைச் செயலாளரின் பேச்சுக்கே இந்தக் கதி.

பழைய தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் புதிய விதிகளும் வந்தன. உத்தரவுக்கு அறுபது நாள், நீட்டித்தால் மொத்தம் நூற்று எண்பது நாள், அதே அதிகாரிகள் குழு. கம்ப்யூட்டர், இணையம் வழியே போகும் தகவல்களுக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவிலோ, பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற அந்த இரண்டு நிபந்தனைகளும் இல்லை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த அரசு அமைப்புக்கு வேண்டுமானாலும் விலக்குக் கொடுக்கலாம் என்ற கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அதிகாரத்தை நம்பாமல் விதி எழுதுவது நமக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. காலம் கி.பி. 919-உம் 921-உம். ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலைக் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவனை விட்டு ஓலை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி பதவிக்கு வர முடியாது. அந்தச் சபை எல்லோருக்கும் உரியதாக இல்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர் சபை அது. ஆனாலும் மறைப்பதற்கு இடம் கொடுக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

ஒட்டுக்கேட்புக்கும் அப்படி விதி எழுத முடியும். பிரிட்டனில் 2016-இல் வந்த சட்டப்படி, அமைச்சர் ஒப்புக்கொண்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒப்பினால்தான் பேச்சை இடைமறிக்க முடியும். அவசரமென்றால் முதலில் கேட்டுவிட்டு, சில நாளுக்குள் அவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நம் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே இதைப் பற்றி யோசித்தது. சட்டத்தில் இடமில்லாததால் நீதிமன்றமாக அதைக் கட்டாயமாக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, செய்ய வேண்டியது நாடாளுமன்றம். உத்தரவுக்கு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். விசாரணை முடிந்ததும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை உத்தரவு போட்டார்கள் என்று சபையில் வைக்க வேண்டும். காஞ்சிபுரம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு தபால் அட்டையிலாவது இதை எழுதிப் போடுங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடமும் நேரில் கேளுங்கள்.