ஐயரின் கடிதக் கட்டும் நமது பெட்டகமும்

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காணி உறுதியை நாம் எவரும் குப்பையில் எறிவதில்லை. நொத்தாரிசு எழுதிய அந்தத் தாளைத் துணியிற் சுற்றிப் பெட்டகத்தின் அடியில் வைத்துப் பூட்டுகிறோம். ஆனால் அதே பெட்டகத்திற் கிடந்த பாட்டனாரின் கடிதக் கட்டை, "இனி இது எதற்கு?" என்று அடுப்புக்குக் கொடுத்துவிடுகிறோம். உறுதி காணிக்குச் சாட்சி. கடிதம் எதற்குச் சாட்சி என்பதை ஒரு பெரியவரின் கடிதக் கட்டை முன்வைத்துச் சொல்ல விரும்புகின்றோம்.

அந்தப் பெரியவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1855இல் பிறந்து 1942இல் மறைந்தவர். 1880 தொடக்கம் கும்பகோணம் கல்லூரியிலும், 1903 தொடக்கம் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் தமிழ் ஆசிரியராக இருந்தார். சீவகசிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் கையால் அச்சேறின. இவற்றை அச்சிட அவருக்குப் பெரிய நிறுவனம் எதுவும் துணை நிற்கவில்லை. ஏடு தேடியவரும் பிழை திருத்தியவரும் அவரே. கடன்பட்டுக் கடதாசி வாங்கியவரும், விற்பனைக் கணக்கு எழுதியவரும் அவரே. நூல் வெளிவருமுன்னரே பணம் தருவதாக ஒப்புக்கொண்ட கையொப்பக்காரரின் ஆதரவைக் கொண்டு வேலையைத் தொடங்கினார். விடுமுறை வந்தால் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போய் அச்சுக்கூடத்திலே தவங்கிடந்தார்.

இவ்வளவும் கடிதத்தினால் நடந்தன. அக்காலத்திலே ரெயில் பரவியிருந்தது. 1879இல் இந்தியாவில் அஞ்சலட்டை வந்திருந்தது, விலை காலணா. ஆளனுப்பி விசாரித்தால் மாதக்கணக்காகும் காரியத்தை ஒரு காலணா முடித்தது. ஏடு வைத்திருப்பவருக்கு ஒரு கடிதம், சமண நூற்பொருள் தெரிந்தவருக்கு ஒரு கடிதம், பணம் தரவேண்டியவருக்கு நயமாக ஒரு கடிதம். பழந்தமிழ் நூல்கள் மீண்ட கதையில் தபாற் கந்தோருக்கு உள்ள பங்கை எந்தப் புலவரும் இன்னும் பாடவில்லை!

ஐயர் தமக்கு வந்த கடிதங்களைக் காத்துவைத்தார். கல்லூரி ஆசிரியராகு முன்னர், திருவாவடுதுறை மடத்தில் இருந்த இருபத்திரண்டு வயது இளைஞராகிய காலத்துக் கடிதங்களும் அவற்றுள் உள. அன்று அவர் புகழ் பெற்றவர் அல்லர். நாளை தம் சரித்திரம் எழுதப்படும் என்று எண்ணியிருக்க நியாயமும் இல்லை. ஆயினும் எறியவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டு, 1943இல், அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் சென்னையில் நிறுவப்பட்டது. ஏடுகளும் நூல்களும் கடிதங்களும் அங்கே காக்கப்பட்டன. 1877 தொடக்கம் 1900 வரை அவருக்கு வந்தவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து, ‘உ. வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்’ என்ற பெயரில் முதற் றொகுதியாகப் பதிப்பித்திருக்கிறார். 2018இல் அது வெளிவந்தது.

ஐயர் தம் வரலாற்றைத் தாமே ‘என் சரித்திரம்’ என்று எழுதியிருக்கிறாரே, பிறகு இக்கடிதங்கள் எதற்கு என்று வினவலாம். நல்ல வினாவே. 1940இல் ஆனந்த விகடனில் அதைத் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டியிருந்தது. பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டே பல இடங்களை எழுதினார். அதனாலேதான் அத்தனை பெயரும் திகதியும் அந்நூலிற் செறிந்து கிடக்கின்றன. ஆனால் நூல் முற்றுப்பெறு முன்னர் அவர் காலமானார். சென்னையில் வாழ்ந்த நாற்பதாண்டுக் காலம் அதில் இடம்பெறவில்லை. அவருடைய மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் எழுதிய நூல் பிற்கால வாழ்வைச் சொல்லுகிறதாயினும், அது மாணாக்கர் கண்ட ஆசிரியர். ஐயருக்கு அன்றன்று யார் என்ன எழுதினார்கள் என்பதற்குக் கடிதமே சான்று.

இனி, நமக்கு மிக நெருங்கிய விடயத்துக்கு வருவோம்.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை இச்சபையில் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவராற் பதிப்பிக்கப்பெற்றன. அவர் கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்திலே ஐயருடன் பழகினார். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி ஐயரிடம் கேட்டார். ஐயர் பலவாறு தயங்கி, ஈற்றில் தாமே பதிப்பிப்பதென்று துணிந்தார். இந்த ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு கடல் கடந்து வாதாடியோர் பலர். இருவருள் யார் முன்னவர், யார் பெரியவர் என்ற வழக்கிலே நம்மவர் காட்டிய வேகத்தில் நாலிலொரு பங்கைப் பிள்ளையவர்களின் பதிப்புரைகளைப் படிப்பதிற் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நிகழ்ச்சியைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் ஐயர் வாய்மொழியாகவே. பிள்ளையவர்கள் 1901 சனவரி முதலாந் திகதி மறைந்தார்கள். ஐயர் தம் சரித்திரத்தைத் தொடங்கியதோ அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து. மறுமொழி சொல்லப் பிள்ளையவர்கள் இல்லை. வழக்கு மன்றத்தில் இவ்வாறு ஒரு பக்கத்துச் சாட்சியை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதுண்டா என்று இங்கிருக்கும் அப்புக்காத்துமாரையே கேட்கின்றோம்.

ஆனால் ஐயரின் கட்டிலே பிள்ளையவர்கள் எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. அவற்றைக் காத்துவைத்தவர் யார்? எவரைப் போட்டியாளர் என்று நாம் சொல்லுகின்றோமோ அவரே! தமக்கு நன்மை தருவனவற்றை மாத்திரம் பொறுக்கி வைப்பது அவருக்கு எளிது. அவர் அப்படிச் செய்திருந்தால் பிள்ளையவர்களின் குரலை இன்று அவர் கையெழுத்திலே கேட்க வழியில்லை. சாமிநாதையரின் நேர்மைக்கு நாம் காட்டக்கூடிய சான்றுகளுள் இதற்கே முதலிடம் தருவோம். அவருடைய பதிப்புக்களையும் இதற்கு அடுத்தபடியாகவே வைப்போம்.

யாழ்ப்பாணத்துப் பெயர் இந்த ஒன்றோடு நிற்கவில்லை. இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் தமையனாரும், சட்டசபையில் உறுப்பினராக இருந்தவருமாகிய கொழும்புப் பொ. குமாரசாமி முதலியார் ஐயரின் பதிப்பு முயற்சிகளை ஆதரித்தவர். தூரதேசத்தாரும் எழுதினார்கள். பாரிசு நகரிலே தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சன் என்ற பிரெஞ்சுக்காரர் ஐயருக்குத் தமிழிலேயே கடிதம் வரைந்தார். நம் பிள்ளைகள் அப்பனுக்குக் கடிதம் எழுதும்போது எந்தப் பாஷையில் எழுதுகிறார்கள் என்று இங்கே கேட்கப்போவதில்லை. வீண் மனத்தாங்கல் எதற்கு?

இங்கே ஒரு பெருங்குறை உண்டு. ஐயரின் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் ஐயருக்கு வந்த கடிதங்கள். ஐயர் எழுதிய மறுமொழிகள் அங்கில்லை, இருக்கவும் முடியாது. அவை பெற்றவர்களின் வீடுகளுக்குப் போயின. கடிதப் போக்குவரத்து என்பது இரட்டை மாட்டு வண்டி. ஒரு மாடு சென்னையிலே பத்திரமாகக் கட்டப்பட்டிருக்கிறது. மற்றையது ஊரூராய்ச் சிதறிப் போயிற்று. அதில் ஒரு பங்கு கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. பிள்ளையவர்கள் ஒரு வினா எழுப்பியிருப்பார். அதற்கு ஐயர் என்ன சொன்னார் என்பது பிள்ளையவர்களின் பக்கத்துக் கட்டு கிடைத்தால் அன்றோ முழுமையாக விளங்கும்?

ஏடுகள் அழிந்த விதத்தை ஐயரே எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டு அவர் துடித்தார். அறியாமையாற் செய்த காரியம் அது. 1981 மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்கு வைத்த தீயை அறியாமை என்று எவரும் சொல்லார். ஏறக்குறைய தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் கையெழுத்துக்களும் அதிலே சாம்பராயின. அதன்பின் 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு விட்டு வெளியேறினார்கள். கையில் எடுத்தவை உறுதியும் நகையும் அடையாள அட்டையுமே. கடிதக் கட்டை எடுத்தவர் எத்தனை பேர்? அதற்காக எவரையும் நாம் குறைகூற மாட்டோம்.

ஆனால் எஞ்சியவையும் உண்டு. கூரை மீண்டும் வேய்ந்த வீடுகளிலே பரணிலும், தகரப் பெட்டியிலும், அரிசிப் பானைக்குப் பக்கத்திலும் கட்டுக் கட்டாய்க் கிடக்கின்றன. புலவர் வீட்டுக் கடிதம் மாத்திரமன்று நாம் கேட்பது. புகையிலை கொண்டுபோய்த் தென்னிலங்கையிற் கடை வைத்தவர் மனைவிக்கு எழுதியது, மலாயாவிலிருந்து காசுக்கட்டளையோடு தம்பி எழுதியது, வெங்காயம் என்ன விலை போயிற்று, துலா எப்போது முறிந்தது, எந்த ஆண்டு மழை பொய்த்தது என்று எழுதியது ஆகிய இவையெல்லாம் வேண்டும். அரசாங்க அறிக்கையில் வராத கணக்கு அவற்றிலே உண்டு. கமக்காரர் வீட்டில் என்ன இருக்கப்போகிறது என்று எண்ணிக் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள்.

கொடுத்தால் திரும்பி வராதே என்ற அச்சம் நியாயமானதுதான். இரவல் கொடுத்த நூலை இழந்தவர்கள் இச்சபையிலே நிறைய இருப்பீர்கள். இன்று மூலத்தைக் கைவிட வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற முயற்சி ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்படியாக்கி வருகிறது. படம் பிடித்தபின் கட்டு உங்கள் வீட்டுக்கே திரும்பலாம். குடும்ப இரகசியம் இருந்தால் அந்தத் தாளை விலக்கி வையுங்கள், மற்றவற்றைக் கொடுங்கள்.

ஒரு வேண்டுகோள். கட்டை அவிழ்த்தவுடன் திகதி வரிசையாக அடுக்க முற்படாதீர்கள். இருந்த ஒழுங்கிலேயே விடுங்கள், அதைக் கட்டியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஈரமென்று வெயிலிற் பரப்ப வேண்டாம். நிழலிற் காற்றாட வைத்தாற் போதும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். முத்திரை சேர்க்கும் பையன்களிடம் உறையைக் கொடுத்துவிடாதீர்கள்: திகதி எழுத மறந்தவரின் கடிதத்துக்கு அஞ்சற் குறியிலே உள்ள ஆண்டுதான் ஒரே துணை. கட்டு வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையிலே பெயரைப் பதிந்து செல்லுங்கள். அடுத்த ஞாயிறு தொடக்கம் வீடு வீடாக வருவோம்.