பாஜிராவ் மஸ்தானி: பார்த்தவர்கள் சொன்னதும் சொல்லாததும்

(‘பாஜிராவ் மஸ்தானி’ திரையிடலுக்குப் பின் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் ‘பாஜிராவ் மஸ்தானி’ படத்தைத் திரையிட்டோம். முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, மனதில் பட்டதை எழுதச் சொன்னோம். பெயர் போட வேண்டாம் என்றும் சொன்னோம். அந்தத் தாள்களைப் படித்துவிட்டு இன்று பேச வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். ஆகவே நான் பேசப்போவது பன்சாலியைப் பற்றிக் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் படத்தைப் பார்த்த நம்மைப் பற்றி.

அன்று வராதவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் வந்த படம். மராட்டிய அரசின் பேஷ்வா, அதாவது பிரதம அமைச்சர், முதலாம் பாஜிராவ். 1720 முதல் 1740 வரை பதவியில் இருந்தவர். புனேயின் சித்பாவனப் பார்ப்பனர். புந்தேல்கண்ட் அரசர் சத்ரசாலுக்கு முஸ்லிம் மனைவி வழியில் பிறந்தவளாகச் சொல்லப்படும் மஸ்தானியை அவர் காதலிக்கிறார். வீட்டில் ஏற்கெனவே மனைவி காசிபாய் இருக்கிறார். குடும்பமும் புரோகிதர்களும் மஸ்தானியை ஏற்க மறுக்கிறார்கள். கடைசியில் இரண்டு பேரும் சாகிறார்கள்.

தாள்களில் பாதிக்கு மேல் கண்ணாடி மாளிகையைப் பற்றித்தான். “என்ன செட்டு, என்ன உடை, தீபிகா நடந்து வரும்போது ஆயிரம் தீபிகா தெரிகிறார்” என்று எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். எனக்கும் பிடித்தது. பன்சாலிக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது சும்மா கிடைக்கவில்லை. ‘பார்ப்பனப் பெருமைப் படம், இதில் என்ன அழகு’ என்று உதட்டைப் பிதுக்குவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அழகாக இருப்பதால்தான் இதைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்கிறது.

சிலர் “வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கருத்து எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டும். படம் வந்தபோது புனேயில் பேஷ்வா பரம்பரையினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆளும் கட்சிக்காரர்கள் போராடி ஒரு திரையரங்கில் முதல் நாள் காட்சிகளே ரத்தாயின. திரிபு என்று அவர்கள் எதைச் சொன்னார்கள்? காசிபாயும் மஸ்தானியும் சேர்ந்து ஆடும் ‘பிங்கா’ பாட்டை. பேஷ்வா குடும்பத்துப் பெண் அப்படி ஆடுவாளா என்பதுதான் கேள்வி. பேஷ்வா ஆட்சியின் புனே நகரத்தைக் காட்டும் படத்தில் தீண்டாமையே இல்லையே, இது திரிபு இல்லையா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது வருடம் ‘பத்மாவத்’ படத்துக்கும் இதே கூத்து. அங்கேயும் வெட்டு விழுந்தது ஆட்டத்துக்குத்தான். ராணியின் இடுப்பைக் கணினியில் மூடினார்கள். பெண்கள் கூட்டமாகத் தீயில் இறங்குவது அப்படியே இருந்தது. யாருடைய வரலாறு புண்படுகிறதோ அவர்கள் கேட்பதற்குத்தான் இந்த நாட்டில் ‘வரலாற்றுத் திரிபு’ என்று பெயர்.

அடுத்தது, நிறையத் தோழர்கள் எழுதிய கருத்து: “இது மதவெறிக்கு எதிரான படம்.” இதில் நியாயம் இருக்கிறது. முஸ்லிம் பெண்ணைக் காதலித்தாலே கூட்டமாக வந்து அடிக்கிற காலத்தில், மராட்டிய வீரத்தின் அடையாளமாகக் கொண்டாடப்படும் ஒருவர் அப்படிக் காதலித்தார் என்று பெரிய திரையில் காட்டியது நல்ல காரியம்தான். ஆனால் தடை மதம் மட்டும்தானா?

படத்தில் பாஜிராவின் தாய் ராதாபாய், மஸ்தானி புனேக்கு வந்ததும் அவளை எங்கே தங்க வைக்கிறார்? ஆடல் மகளிர் இருக்கும் இடத்தில். அரசவையில் ஆடுகிற பெண்ணாக இரு, யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்கிறார். கவனியுங்கள். முஸ்லிம் பெண் பேஷ்வாவுக்கு முன்னால் ஆடலாம். அவர் அவளிடம் போய் வரலாம். தீட்டு எப்போது வருகிறது? அவள் ‘மனைவி’ என்று சொல்லும்போது, அவள் பிள்ளை ‘மகன்’ என்று சொல்லும்போது. மேல்சாதி ஆணின் ஆசைக்குச் சாதி எந்தக் காலத்திலும் குறுக்கே நின்றதில்லை. கல்யாணத்துக்கும் வாரிசுக்கும்தான் நிற்கும். அகமண முறைதான் சாதியின் சாரம் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 25. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இந்தப் படத்தைப் பார்த்தால் காட்சிக்குக் காட்சி விளங்கும்.

படத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட இடம், தாள்களில் ஒன்றில்கூட வரவில்லை. மஸ்தானிக்குப் பிறந்த மகனுக்குச் சடங்கு செய்யப் பார்ப்பனர்கள் மறுக்கிறார்கள். கிருஷ்ணராவ் என்று பெயரிட இருந்த பிள்ளைக்கு, சரி போ என்று ஷம்ஷேர் பகதூர் எனப் பெயர் வைக்கிறார் தகப்பன். வரலாற்றிலும் அந்தப் பிள்ளைக்குப் பூணூல் கிடைக்கவில்லை. அவன் முஸ்லிமாகவே வளர்ந்தான். பாஜிராவ் யார்? டில்லி வரைக்கும் படை நடத்தியவர். நிஜாமை வென்றவர். போதாததற்குப் பிறப்பிலேயே பார்ப்பனர். அவர் கையிலிருந்த வாளால், நாலு முழ நூலைத் தன் மகன் தோளில் போட வைக்க முடியவில்லை. அரசனுக்கு மேலே யார் ஆண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பூணூல் மறுக்கப்பட்ட அந்த ஷம்ஷேர் பகதூர்தான் 1761இல் பானிபட்டில் மராட்டியர் பக்கம் நின்று போரிட்டுச் செத்தான். சண்டைக்கு ஆகாதவன் இல்லை அவன், சடங்குக்குத்தான் ஆகாதவன்.

“காசிபாய் பாவம்” என்பது பெரும்பாலும் பெண் தோழர்கள் எழுதியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாவம்தான். “மாமியார் கொடுமைக்காரி” என்று எழுதியவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாமியாரின் தலையைப் பார்த்தீர்களா? மழித்த தலை. அந்த வேடத்துக்காக நடிகை தன்வி ஆஸ்மி நிஜமாகவே தலையை மழித்துக்கொண்டார். கணவன் செத்ததும் தன் தலையை மழித்த அதே சட்டத்தை, இன்னொரு பெண்ணின் மேல் காவல் நின்று நிறைவேற்றுகிறார் ராதாபாய். விதவையை அப்படி முடக்கி வைப்பதும் அகமணத்தைக் காக்கிற ஏற்பாடுதான் என்பது அம்பேத்கரின் அதே கட்டுரையில் இருக்கிறது. பேஷ்வாக்களின் அதே புனேயில்தான் 1863இல் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் கருவுற்ற பார்ப்பன விதவைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார்கள். அப்படி ஒரு விதவை பெற்ற பிள்ளையைத் தங்கள் மகனாகத் தத்தெடுத்தும் வளர்த்தார்கள்.

ஒரே ஒரு தாள் வேறு மாதிரி இருந்தது. பென்சிலில், பேச்சு வழக்கிலேயே எழுதியிருந்தது. “இவ்ளோ பெரிய அரமனைய யாரு கூட்டுவா? ஒருத்தரயும் காட்டல.” யார் எழுதியது என்று தெரியவில்லை. எத்தனையோ விமர்சனக் கட்டுரைகள் கேட்காத கேள்வி அது.

புனேயில் துடைப்பம் இருந்தது தோழர்களே. எங்கே இருந்தது என்பதை அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதியிருக்கிறார். பேஷ்வாக்களின் தலைநகரில் தீண்டப்படாதவர் தம் இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மிதித்த மண்ணைப் பின்னாலேயே பெருக்கிக்கொண்டு போக வேண்டும். எச்சில் தரையில் விழாமல் இருக்கக் கழுத்தில் மண்கலயம் தொங்க வேண்டும். மகர்களும் மாங்குகளும் மாலை 3 மணிக்குப் பிறகும் காலை 9 மணிக்கு முன்பும் நகர வாசலுக்குள் வரக்கூடாது என்றும் பதிவு இருக்கிறது. காரணம் என்ன தெரியுமா? அந்த நேரங்களில் நிழல் நீளமாக விழும். பார்ப்பனர் மேல் பட்டுவிடும். கண்ணாடி மாளிகையில் ஒரு பிம்பத்தை ஆயிரமாகப் பெருக்கிக் காட்டிய கேமராவுக்கு இந்த நிழல் மட்டும் படவில்லை.

பேஷ்வா ஆட்சியைப் பற்றி அடித்தட்டிலிருந்து வந்த கருத்தும் எழுத்தில் இருக்கிறது. பூலே இணையரின் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, மகர்களும் மாங்குகளும் படும் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ என்ற மராத்தி இதழில் வெளிவந்தது. பாஜிராவ் ஆட்சியில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு முன்னால் ஒரு மாங்கோ மகரோ நடந்து போய்விட்டால், தலையை வெட்டி, வாளை மட்டையாகவும் தலையைப் பந்தாகவும் வைத்து விளையாடினார்கள் என்று அவள் எழுதுகிறாள். இது படத்து பாஜிராவ் அல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம். அவள் சொல்வது 1818இல் ஆட்சியை இழந்த கடைசிப் பேஷ்வா, இரண்டாம் பாஜிராவ். ஆனால் உறவு தூரமில்லை. ஷம்ஷேர் பகதூர் பிறந்த அதே 1734இல் காசிபாய்க்கும் ஒரு மகன் பிறந்தான், ரகுநாதராவ். இரண்டாம் பாஜிராவ் அந்த ரகுநாதராவின் மகன். ஒரு பிள்ளைக்குப் பூணூல் கிடையாது. இன்னொரு பிள்ளையின் வழியில் வந்தவன் ஆட்சியில் இது நடந்தது.

அதே கட்டுரையில் முக்தா இன்னொன்றும் கேட்கிறாள்: வேதம் பார்ப்பனருக்கு மட்டும் என்றால் எங்களுடைய மதம் எது? மதம்தான் பிரச்சினை என்று எழுதிய தோழர்கள் அந்தச் சிறுமியின் கேள்வியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது காதலுக்கு வருகிறேன். “உண்மைக் காதல் என்றால் இதுதான்”, “காதலுக்காக எல்லாவற்றையும் எதிர்த்தார்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் படம் வந்து நாலு மாதம் கழித்து, 2016 ஏப்ரலில், அதே மகாராஷ்டிரத்திலிருந்து நாகராஜ் மஞ்சுளேயின் ‘சைராட்’ வந்தது. ஆதிக்கச் சாதிப் பெண்ணும் கீழே வைக்கப்பட்ட சாதிப் பையனும். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் எத்தனையோ பேர் “படிக்கிற வயசில் இது தேவையா” என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். வீட்டில் மனைவி இருக்கிற பாஜிராவைப் பார்த்து ஒருவரும் “தேவையா” என்று கேட்கவில்லை. மேலே இருக்கிற ஆண் இறங்கி வந்து காதலித்தால் காவியம். கீழே இருக்கிறவன் ஏறிட்டுப் பார்த்தால் கொழுப்பு. இந்த இரண்டு படங்களுக்கும் நடுவே, 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவானதை ஊரே பார்த்தது. அதற்கும் பார்வையாளர் கருத்து இருந்தது. “பெத்தவங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்” என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் மஸ்தானிக்காகக் கண்ணீர் விட்டவர்கள் இல்லவே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

பாஜிராவின் மாளிகையான சனிவார் வாடா இன்றும் புனேயில் இருக்கிறது. 1828இல் பிடித்த தீயில் உள்ளே எல்லாம் எரிந்துவிட்டது. மதிலும் வாசல்களும் அடித்தளமும்தான் மிச்சம். ஒரு வாசலுக்கு மஸ்தானி பெயர். படம் பார்த்துவிட்டுக் கண்ணாடி மாளிகையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

அந்தக் கோட்டை முன்னால்தான் 2017 டிசம்பர் 31 அன்று எல்கார் பரிஷத் கூடியது. பேஷ்வாவின் படையோடு மகர் வீரர்களும் இருந்த கம்பெனிப் படை மோதிய பீமா கோரேகான் போருக்கு மறுநாள் 200 ஆண்டு. புதிய பேஷ்வா ஆட்சியைப் புதைப்போம் என்று அங்கே முழங்கினார்கள். மறுநாள் கோரேகான் நினைவுத்தூணுக்குப் போன தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். ஆனால் எல்கார் பரிஷத் வழக்கில் கைதானவர்கள் 16 எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், செயற்பாட்டாளர்கள். ஆனந்த் டெல்டும்டே சரணடைய வைக்கப்பட்ட நாள் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சாமி, 84 வயதில், பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடி இறந்தார். பேஷ்வா ஆட்சி என்பதைப் பழைய கதையாக நினைத்துப் படம் பார்த்தவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த மாதம் ‘சைராட்’ திரையிடுகிறோம். முக்தா சால்வேயின் கட்டுரையையும் அன்றைக்குச் சேர்த்து வாசிக்கலாம், சின்னக் கட்டுரைதான். பென்சிலில் எழுதிய தோழர் கட்டாயம் வர வேண்டும். இப்போது நீங்கள் பேசுங்கள்.