கன்றை வளர்த்தால் கடன் அடையும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



குழுக்கடனில் மாடு வாங்குகிறோம். பால் எல்லாம் சொசைட்டிக்குப் போயிடுது. கன்றுக்கு மிஞ்சுவது வைக்கோல்தான். அந்தக் கிடேரிக் கன்றுதானே நாளைக்கு நமக்குக் கடன் இல்லாமல் கிடைக்கிற மாடு? நல்ல தீனி தின்ற கலப்பினக் கிடேரி ஒன்றரை வயதில் சினை ஊசிக்கு வரும், இரண்டரை வயதில் கன்று போடும். வைக்கோலிலேயே வளர்ந்தது மூன்று வயது தாண்டியும் பருவத்துக்கு வராமல் நிற்கும். அத்தனை மாதமும் நமக்கு வெறும் செலவு.

கன்றுக்குச் சதை பிடிக்கப் புரதம் வேண்டும். வைக்கோலில் அது 3, 4 சதவீதம்தான். கடலைப் புண்ணாக்கில் சுமார் 40 சதவீதம். காயவைத்த கணக்கில் அகத்தி, வேலிமசால் இலையில் 20 முதல் 25 சதவீதம்.

என்ன செய்யலாம்?

* பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்க. பிறகு கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் வேண்டும். இதைக் குறைத்துவிட்டு எந்தத் தீவனம் கொடுத்தும் பயனில்லை.

* இரண்டாம் வாரம் முதல் ஒரு கைப்பிடி அடர்தீவனம். 10 கிலோ கலக்க: உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, கடலைப் புண்ணாக்கு 3 கிலோ, தவிடு 1 கிலோ 700 கிராம், தாது உப்பு 200 கிராம், சாதா உப்பு 100 கிராம். மூன்று மாதத்தில் தினம் முக்கால் கிலோ வரை கூட்டலாம்.

* கூடவே இளசான அகத்தி, வேலிமசால் இலையைக் கட்டித் தொங்கவிடுங்க. கன்று தானே கடித்துப் பழகும்.

* அசோலாவும் நல்லதுதான். ஆனா ஒரு கிலோவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர். அதை நம்பிப் புண்ணாக்கை நிறுத்தாதீங்க.

கவனம்! பூஞ்சை பிடித்த புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் யூரியா கலந்த தீவனமும் சின்னக் கன்றுக்கு ஆகாது. சவுண்டல் இலை பெரிய மாட்டுக்கே பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். மீறினால் முடி கொட்டும்.

தனியாக வாங்கினால் புண்ணாக்கு விலை கட்டாது என்கிறீர்கள். பத்துப் பேர் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்வோம். வரப்பில் ஆளுக்கு இருபது அகத்தி நடுவோம். நிலம் இல்லாதவர்களுக்கு வேலியோரம் போதும். அடுத்த கூட்டத்தில் எந்தெந்தக் குழு தீர்மானம் போட்டது என்று கேட்போம்.